நூல் வெளியீட்டு விழா நடத்துவோருக்கு: வாசித்தவர்களையும் ஒரு மாலை பேசவிடுங்கள்

கொழும்பில் தமிழ் நூல்களை வெளியிட்டு வைக்கும் சங்கங்கள், இலக்கிய வட்டங்கள், சஞ்சிகைக் குழுக்கள், வாசகசாலைகள் ஆகியவற்றின் செயற்குழுவினருக்கு,

அன்புடையீர், வணக்கம்.

உங்கள் அழைப்பிதழ்களைத் தொடர்ந்து பெற்று, இயன்றவரை கூட்டங்களுக்கு வந்து, மண்டபத்தின் நடுவரிசையில் இருந்து கேட்டு, முடிவில் பிரதியும் வாங்கிச் செல்லும் வாசகர்களுள் ஒருவன் என்ற உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். எழுதுவது என் தொழில் அன்று; விமர்சனம் செய்யும் தகுதியையும் நான் கோரவில்லை. கேட்க வந்தது ஒன்றுதான். ஒரு நூல் வெளியாகி ஆறு அல்லது எட்டு வாரங்கள் கழிந்த பின்னர், அதை விலைக்கு வாங்கியவர்களும் இரவல் பெற்றவர்களும் கூடியிருந்து, நண்பர்களிடம் சொல்வதைப் போலவே தங்கள் மனதில் பட்டதைச் சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரு மாலைப் பொழுதை, மேடையும் பொன்னாடையும் இல்லாமல், உங்கள் இடங்களில் ஒழுங்கு செய்து தாருங்கள்.

வெளியீட்டு விழாவின் நடைமுறை எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அழைப்பிதழில் நாலரை மணி என்றிருந்தால் ஐந்தேகாலுக்கு மங்கல விளக்கு ஏற்றப்படும். தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, ஒன்றன்பின் ஒன்றாக வாழ்த்துரைகள், வெளியீட்டுரை, அதன்பின் முதற்பிரதி, சிறப்புப் பிரதிகள், கௌரவப் பிரதிகள். இவையெல்லாம் முடிந்து நயவுரைக்கு முறை வரும்போது ஏழு மணியாகிவிடும். கொட்டாஞ்சேனைக்கும் வத்தளைக்கும் போக வேண்டியவர்கள் பஸ்ஸை நினைத்து எழும்பத் தொடங்கியிருப்பார்கள். அந்த மாலையில் நூலை உண்மையாகவே வாசித்துவிட்டு வந்திருக்கக்கூடிய அந்த ஒரே மனிதரிடம், சுருக்கிக்கொள்ளும்படி துண்டு ஒன்று எழுதி அனுப்பப்படும். ஆசியுரையும் வாழ்த்துரையும் வழங்கியவர்களுள் பலர், பிரதி கைக்குக் கிடைத்தது இன்று காலையில்தான் என்று மேடையிலேயே சொல்லிவிட்டுத்தான் பேசத் தொடங்குவார்கள். அப்படிச் சொல்லாமல் பேசுகிறவர்களைவிட இவர்கள்மீது எனக்கு மதிப்பு அதிகம்.

ஆயினும் விழாவை நிறுத்துங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. அதற்கென்று ஒரு பொருளாதாரம் இருப்பது எனக்குத் தெரியும். இந்நாட்டில் தமிழில் எழுதுபவர் பெரும்பாலும் அச்சுக்கூலியையும் தம் கையிலிருந்தே கொடுக்கிறார். அச்சாவதோ சில நூறு பிரதிகள். வந்தவர்கள் வரிசையில் நின்று, கடித உறைக்குள் காசை வைத்து ஆசிரியரிடம் நீட்டிப் பிரதியைப் பெற்றுக்கொள்ளும் அந்த அரைமணி நேரத்தில்தான் அச்சகக் கடனின் ஒரு பகுதியாவது தீர்கிறது. உறைக்குள் இருக்கும் தொகை பலவேளைகளில் பின்னட்டையில் உள்ள விலையைவிடக் கூடுதலாகவே இருக்கும், ஏனெனில் கொடுப்பவர் நூலுக்கு மட்டுமன்றி உறவுக்கும் சேர்த்துக் கொடுக்கிறார். ஆகவே அது ஒரு கலியாண வீடு. கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் குணாதிசயத்தை ஆராய எவரும் எழும்பக் கூடாது என்பது நியாயமே. (பொன்னாடைகள் கைமாறிக் கைமாறி மறுபடியும் மேடைக்கே வந்து சேர்வதைக் கண்டிருக்கிறேன், அது வேறு கதை.) என் முறைப்பாடு விழாவைப் பற்றியது அன்று. விழாவோடு எல்லாம் முடிந்துவிடுவதைப் பற்றியது. சட்டப்படி சேர வேண்டிய பிரதிகள் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆசிரியருக்கு அதிர்ஷ்டம் இருந்தால் நூலகங்களும் சில பிரதிகளைக் கொள்வனவு செய்யும். அதற்குப் பிறகு அந்த நூலை வாசித்தவர் என்ன நினைத்தார் என்பதை எழுதியவரோ வெளியிட்டவரோ கேட்டறிய எந்த ஏற்பாடும் இல்லை.

வாசித்தவர்கள் எதுவும் நினைக்கவில்லை என்பதல்ல இதன் பொருள். வெள்ளவத்தையில் மாலை நேரத்தில் மரைன் டிரைவ் நெடுக நடந்துவிட்டு, கடற்பக்கக் குந்தில் இருக்கும் மனிதர்களிடையே, காலி வீதியின் சைவக் கடைகளில் வடையும் தேநீருமாக இருப்பவர்களிடையே, அலுவலக வானில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் தினமும் போய்வருகிற பெண்களிடையே இந்தப் பேச்சு நடந்துகொண்டுதான் இருக்கிறது. அது நயவுரையைப் போல் தொடங்குவதில்லை. "முப்பதாம் பக்கத்துக்கு மேல போக முடியேல்லை" என்று ஒருவர் சொல்வார். "நானும் அந்த இடத்திலதான் நிண்டனான், ஆனா அதைத் தாண்டினால் நல்லாப் போகும்" என்று மற்றவர் சொல்வார். யார் எந்த இடத்தில் நிறுத்தினார், எதைத் தாவிச் சென்றார், எதை இரண்டாம் முறை படித்தார், எந்தப் பாத்திரத்தின் பெயர் மறந்துவிட்டது, புத்தகத்தின் கட்டு விட்டுப் பதினாறு பக்கம் கையோடு வந்துவிட்டதா என்பவையெல்லாம் அங்கே சொல்லப்படும். எழுத்தாளரும் பதிப்பாளரும் காசு கொடுத்தாவது கேட்டறிய வேண்டிய செய்திகள் இவை. எவரும் அவர்களிடம் இவற்றைச் சொல்வதில்லை, ஏனெனில் அவர்கள் இருக்கும் இடத்தில் நாங்கள் கைலாகு கொடுத்து, "நல்ல முயற்சி, தொடர்ந்து எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம்.

எங்கள் நண்பர் கூட்டத்தில் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். வெளியீட்டு விழாவில் பெரிதும் பாராட்டப்பட்ட ஒரு நாவலை அவர் வாசித்தார். அதில் 1993 ஆம் ஆண்டில் ஓர் இளைஞன் கொழும்புக் கோட்டை நிலையத்தில் யாழ்தேவி ரயிலில் ஏறி, விடிய யாழ்ப்பாணத்தில் இறங்குகிறான். 1956 இல் ஓடத் தொடங்கிய அந்த வண்டி 1990 இல் யாழ்ப்பாணத்துக்குப் போவதை நிறுத்திவிட்டது. மறுபடி அங்கே போய்ச் சேர்ந்தது 2014 ஒக்ரோபரில். போர்க்காலத்தில் வவுனியாவுக்கு அப்பால் தண்டவாளமே இருக்கவில்லை. சிலிப்பர் கட்டைகள் பங்கர்களுக்குப் போய்விட்டன. 1993 இல் யாழ்ப்பாணம் போனவர்கள் இரவோடு இரவாகப் படகேறிக் கிளாலிக் கடனீரேரியைக் கடந்தவர்கள். விழாவில் அந்த நாவலுக்கு நயவுரையும் நிகழ்ந்தது, ஆய்வுரையும் நிகழ்ந்தது. இரண்டிலும் இந்த வண்டி எவர் கண்ணிலும் படவில்லை. எங்கள் நண்பரோ பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டு எல்லோருக்கும் காட்டிச் சிரித்தார். அதே மனிதர்தான் அந்த நாவலை ஆள் மாற்றி ஆளுக்கு இரவல் கொடுத்தவரும். "ரெயினை விடுங்கோ, அந்தத் தாய் மகனுக்குக் கடிதம் எழுதுற பகுதியை மட்டும் வாசிச்சுப் பாருங்கோ" என்பதே அவருடைய பரிந்துரை. அவர் சொன்னதால் நானும் வாசித்தேன்; அந்தப் பகுதி அவர் சொன்னபடியே இருந்தது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்தது. ஹற்றனில் பிறந்து கொழும்பில் கணக்காளராகப் பணிபுரியும் ஒரு தங்கை, தோட்டப் பின்னணியில் எழுதப்பட்ட ஒரு சிறுகதைத் தொகுதியை வாசித்தார். அதில் பின்னேரத்தில், தொழிலாளரை வேலைக்குப் பிரித்து அனுப்பும் பிரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுகிறார்கள். "பிரட்டுன்னா காலையிலதாங்க. வெள்ளன எந்திரிச்சு எங்கம்மா ஓடுனது எனக்குத் தெரியும்" என்று சொல்லி, அந்தப் பக்கத்தோடு நூலை மூடிவிட்டார். ரயில்வே நண்பர், தாம் ஒரு முழு வண்டியையே மன்னித்துவிட்டதாகவும் இவர் ஒரு பொழுதை மன்னிக்க மாட்டாரா என்றும் கேட்டார். அந்தப் பெண் சொன்ன பதிலை நான் எந்த ஆய்வரங்கிலும் கேட்டதில்லை. யாழ்ப்பாணத்து வாழ்க்கையை எழுத உள்ளூரிலேயே நூறு பேர் இருப்பதால் ஒருவர் விட்ட பிழையை இன்னொருவரின் நூல் ஈடுசெய்துவிடும் என்றும், லயத்து வாழ்க்கையை வெளியிலிருந்து வந்து எழுதுகிறவர், கேட்டறிய அங்கே ஆளில்லை என்று நினைத்துத்தான் இப்படி எழுதுகிறார் என்றும், தமக்குக் கோபம் பொழுதைப் பற்றியதல்ல, கேட்காமல் விட்டதைப் பற்றியது என்றும் அவர் சொன்னார். அன்று அந்த மேசையில் இருந்த எவருக்கும் இலக்கியக் கோட்பாடு தெரியாது. ஆனால் பிழைகளுள் எது மன்னிக்கத்தக்கது, எது மன்னிக்கத்தகாதது, அதைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வியை அவர்கள் முழுமையாகவே பேசி முடித்தார்கள். இடையில் இரண்டு தடவை தேநீர் வந்தது.

இத்தகைய பேச்சுக்கு நம்மிடையே ஒரு மரபு உண்டு என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் எழுத்தாளர் டொமினிக் ஜீவா முடிதிருத்திய ஜோசப் சலூனில், கதிரையில் இருந்தவரும் வாங்கில் காத்திருந்தவரும் புதிதாக வந்த கதைகளைப் பற்றி வாதிட்டார்கள். 1966 ஆம் ஆண்டு மல்லிகை சஞ்சிகை தொடங்கியபோது, அதைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்றவரும் அவரே. விற்ற இடத்திலேயே, போன இதழ் எப்படி இருந்தது என்பதையும் வாங்கியவர் வாயால் கேட்டுக்கொள்ள அவரால் முடிந்தது. பின்னர் அவர் கொழும்புக்கு வந்து, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து 2012 வரை அதை நடத்தியபோது, அந்தக் காரியாலயமும் அப்படியொரு இடமாகவே இருந்தது. நூலகம் நிறுவனம் 2005 முதல் எண்ணிமப்படுத்தி இணையத்தில் வைத்துவரும் பழைய மல்லிகை இதழ்களைப் புரட்டிப் பாருங்கள். "தூண்டில்" பகுதியில் வாசகர்கள் ஆசிரியரிடம் எவ்வளவு உரிமையோடு கேள்வி கேட்டார்கள் என்பது தெரியும். சஞ்சிகைகள் குறைந்து, அஞ்சலட்டை எழுதும் பழக்கமும் போன பிறகு, அந்த உரிமைக்கு இடம் தர வேண்டியவர்கள் மண்டபமும் வாசகசாலையும் கையில் வைத்திருக்கும் நீங்கள்தான்.

காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 இல் டொலரின் பெறுமதி 200 ரூபா அளவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபாவரை ஏறியது. தாள் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. அதன்பின் நிலைமை ஓரளவு சீரடைந்தாலும் நூல் விலை இறங்கி வரவில்லை. பின்னட்டையில் 400 இந்திய ரூபா என்று அச்சிட்ட நாவலை இங்கே 1,500 ரூபாவுக்குக் குறைவாக வாங்க முடிவதில்லை. உள்ளூர் நூல்களின் விலையும் ஆயிரத்தைத் தொட்டுவிட்டது. இந்நிலையில் ஒரு மாதச் சம்பளக்காரர் புத்தகக் கடைக்குள் நுழையும்போது அவருக்குத் தேவைப்படுவது, தன்னைப் போன்ற ரசனையும் தன்னைப் போன்ற பணப்பையும் உள்ள ஒருவரின் வாய்ச்சொல். "வாங்காதை, நான் தாறன்" என்பதும் "இதைச் சொந்தமா வைச்சிருக்க வேணும்" என்பதும் வெவ்வேறு தீர்ப்புகள். பின்னட்டை வாசகங்கள் இரண்டாவதை மட்டுமே அறியும். செப்ரெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடைபெறும் புத்தகக் கண்காட்சிக்குப் போனால், சிங்கள இளைஞர்கள் நண்பர்கள் சொன்ன நூல்களின் பட்டியலைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு கடை கடையாகத் தேடுவதைக் காணலாம். தமிழ் நூல்கள் இருக்கும் சில கூடங்களுக்கு வருகிற நம் பிள்ளைகளிடமும் அப்படியொரு பட்டியல் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். பெரும்பாலும் பாடத்திட்ட நூல்களின் பட்டியலே இருக்கிறது.

போரைப் பற்றிய நூல்களின் விடயத்தில் இந்தக் குறை மேலும் ஆழமானது. 2009 க்குப் பிறகு வன்னியின் கடைசி மாதங்களைப் பற்றி நாவல்களும் கதைகளும் தன்வரலாறுகளும் கவிதைகளும் நிறைய வந்துவிட்டன. சில இங்கும் சில தமிழ்நாட்டிலும் சில புலம்பெயர்ந்தவர் வாழும் நாடுகளிலும் அச்சாகின. இவற்றைப் பற்றி மேடையில் பேசுகிறவர், தாம் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பதை முதல் வசனத்திலேயே உணர்த்திவிட வேண்டியவராகிறார். அதன்பின் அவர் நூலைப் பற்றிச் சொல்வதெல்லாம் அந்தப் பக்கத்தின் குரலாகவே கேட்கப்படும். நூல் சலிப்பூட்டுகிறது என்று ஒருவர் சொன்னால், இறந்தவர்களை அவமதித்தார் என்று ஆகிவிடும். நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் அதற்கொரு அர்த்தம் கற்பிக்கப்படும். ஆகவே பலரும், துயரம் மிக்க காலத்தின் சாட்சியம் என்று சொல்லிவிட்டு அமர்ந்துவிடுகிறார்கள். அந்தச் சொற்றொடரால் எந்த நூலையும் மற்றொரு நூலிலிருந்து பிரித்தறிய முடியாது.

ஆனால் அந்த மாதங்களில் அங்கே இருந்த ஒரு தாய், இப்போது தெஹிவளையில் மகளோடு வசிப்பவர், அத்தகைய ஒரு நாவலை முழுமையாக வாசித்துவிட்டு எங்களிடம் இப்படிச் சொன்னார்: "நடந்ததெல்லாம் இதில இருக்கு. ஆனா ஒருத்தரும் ஒருக்காலும் சிரிக்கேல்லை. நாங்கள் பங்கருக்குள்ளயும் சிரிச்சனாங்கள்." அவர் அந்த நூலை நிராகரிக்கவில்லை. எழுதியவரின் நேர்மையைச் சந்தேகிக்கவும் இல்லை. தம் வாழ்க்கையின் ஒரு பகுதி அதிலே விடுபட்டிருக்கிறது என்பதை மட்டும், மகளின் வீட்டு விறாந்தையில் இருந்து, மரக்கறி வெட்டியபடி சொன்னார். அந்த நாவலைப் பற்றி நான் கேட்டவற்றுள் மிகக் கூர்மையான விமர்சனம் அதுதான், ஏனெனில் அது அடுத்த நாவலை எழுதப் போகிறவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது. உங்கள் மேடைகளில் ஒலிபெருக்கியை அவர் கையில் கொடுத்தால் அவர் இதைச் சொல்ல மாட்டார். நன்றி சொல்லிவிட்டு அழுவார், நாங்களும் அழுவோம், நூலைப் பற்றிய அந்தச் செய்தி மண்டபத்துக்கு வராமலே போய்விடும்.

இதனால்தான், நான் கேட்கும் மாலையில் எவரும் தொலைபேசியை நீட்டிப் படம் பிடிக்கக் கூடாது, நேரலையாக ஒளிபரப்பக் கூடாது என்று வற்புறுத்துகிறேன். உங்களுள் இளையவர்களுக்கு இது பழைமைவாதமாகத் தோன்றலாம். வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தே பார்க்கலாமே என்று கேட்பீர்கள். பேசுகிறவர் ஒரு கருவியைக் கண்டதும் சபையோரை விட்டுவிட்டுக் கருவியைப் பார்த்துப் பேசத் தொடங்குகிறார், அந்தக் கணத்திலேயே அது இன்னொரு ஆய்வுரையாகிவிடுகிறது. மேலும், கொழும்பிலே நெடுங்காலம் பஸ்ஸில் தமிழில் உரத்துக் கதைப்பதற்கே யோசித்தவர்கள் நாங்கள். வாயைத் திறக்குமுன் சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளும் பழக்கம் எங்களில் பலரை விட்டு இன்னும் போகவில்லை. அந்தப் பழக்கம் உள்ளவர்களின் அபிப்பிராயத்தைப் பெற வேண்டுமானால், சொன்னது அந்த அறைக்கு வெளியே பயணிக்காது என்ற உறுதியை நீங்கள்தான் தர வேண்டும்.

வெளியிலே பயணிப்பது என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது எழுத்தாளரின் மனவருத்தம். இந்நகரத்தில் தமிழ் எழுத்தாளரும் வாசகரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். மாமனுக்கு மச்சானாகவோ, பாடசாலையில் ஒரே வகுப்பாகவோ, ஒரே மாடித் தொடரில் குடியிருப்பவராகவோ இருப்பார். ஆறு மணிக்குச் சொன்ன கருத்து எட்டு மணிக்கு அவருடைய தொலைபேசிக்குப் போய்விடும், அதுவும் சொன்னவர் சொல்லாத இரண்டு வசனங்களோடு சேர்ந்து. எனக்கு இதற்குத் தெரிந்த மருந்து ஒன்றே. கருத்து ஒருவருடையதாக மட்டும் இருந்தால்தான் அது தாக்குதலாகத் தெரியும். பன்னிரண்டு பேர் பன்னிரண்டு விதமாகச் சொன்னால், அவர்களுள் ஒருவர் கண்ட குறையை இன்னொருவர் மெச்சியிருப்பார். தம் நூலை இத்தனை பேர் உண்மையாகவே கடைசிப் பக்கம்வரை வாசித்திருக்கிறார்கள் என்பதை அறிந்த எழுத்தாளர், பொன்னாடை பெற்றவரைவிடக் கூடுதலாக மகிழ்வார் என்பது என் ஊகம். நீங்கள் அவர்களையே கேட்டுப் பார்க்கலாம்.

வாசகர் சொல்வது மேம்போக்கானது, அதனால் இலக்கியத் தரம் கெட்டுவிடும் என்ற வாதத்துக்கு நான் நீண்ட பதில் சொல்லப் போவதில்லை. ஆழமான விமர்சனம் எழுதக்கூடியவர்கள் நம்மிடையே இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். அவர்கள் எழுத வேண்டும். அவர்களுடைய கட்டுரை வருவதற்கு ஓர் ஆண்டு ஆகும். அதுவரைக்கும் நூல் உயிரோடு இருக்க வேண்டுமே.

மாலை எப்படி அமைய வேண்டும் என்பது பற்றி எங்களுக்குள் கதைத்ததைச் சொல்லிவிடுகிறேன். பௌர்ணமி விடுமுறையான போயா தினம் ஒன்றில், பின்னேரம் நான்கு மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடித்துவிட்டால், தொலைவிலிருந்து வருகிறவர்களும், வீட்டில் இரவுச் சமையல் காத்திருக்கும் பெண்களும் அவசரப்படாமல் வந்துபோகலாம். எங்கள் கூட்டங்களில் பின்வரிசையில் மௌனமாக இருந்துவிட்டுப் போகும் பெண்கள்தான் நானறிய மிக அதிகமாக வாசிப்பவர்கள். பெரிய மண்டபம் வேண்டியதில்லை. 1942 இல் தோன்றி, இப்போது வெள்ளவத்தையில் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்கு நூலகம் இருக்கிறது. நகரத்தின் வேறு பகுதிகளிலும் ஆலயங்களையும் பாடசாலைகளையும் ஒட்டி வாசகசாலைகள் இருக்கின்றன. இத்தகைய இடம் ஒன்றில் கதிரைகளை வட்டமாகப் போட முடிந்தால் அதுவே போதுமானது. முதல் ஒரு மணித்தியாலம் நீங்கள் அண்மையில் வெளியிட்டு வைத்த ஒரு நூலைப் பற்றி. அடுத்த ஒரு மணித்தியாலம் அவரவர் அந்த மாதத்தில் வாசித்த எதைப் பற்றியும். மொழிபெயர்ப்பு, துப்பறியும் கதை, சமையல் நூல், மருதானையில் டி. ஆர். விஜயவர்த்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்து கிடைத்தது, எதுவாகவும் இருக்கலாம். தரமானதை மட்டும்தான் வாசித்ததாகச் சொல்ல வேண்டும் என்ற நிலை வந்துவிட்டால், பாதிப்பேர் பொய் சொல்வார்கள்.

வாசிக்காதவர் வரலாம், இருந்து கேட்கலாம், ஆனால் அந்த நூலைப் புகழவும் கூடாது, இகழவும் கூடாது. பாதியில் நிறுத்தியவர் எந்த இடத்தில் நிறுத்தினேன் என்பதைச் சொல்லிவிட்டுப் பேசலாம். பல வேளைகளில் அதுவே மிகவும் பயனுள்ள கருத்தாக இருக்கும். எழுத்தாளர் வருவதா, வேண்டாமா என்பதில் எங்களுக்குள் உடன்பாடு இல்லை. அவர் இருந்தால் எல்லோரும் மரியாதையாகப் பேசத் தொடங்கிவிடுவார்கள் என்பது என் கட்சி. தம்மைப் பற்றிப் பேசும் இடத்துக்கு அவரை வர வேண்டாம் என்பது அநாகரிகம் என்பது ரயில்வே நண்பரின் கட்சி. இரண்டாம் பாதிக்கு வரட்டும், வந்து தாம் அண்மையில் வாசித்த வேறொருவரின் நூலைப் பற்றி எங்களைப் போல ஒருவராகப் பேசட்டும் என்று கணக்காளத் தங்கை சொன்னது நல்ல தீர்வாகத் தெரிகிறது.

பிரதிகள்தான் சிக்கல். பேச வேண்டுமானால் முதலில் வாசிக்க வேண்டும், வாசிக்க வேண்டுமானால் நூல் கைக்குக் கிடைக்க வேண்டும், ஆயிரம் ரூபாவை எல்லோரும் மாதாமாதம் எடுத்து வைக்க முடியாது. விழாவில் பிரமுகர்களை மேடைக்கு அழைத்து வழங்கும் கௌரவப் பிரதிகளில் ஐந்தை மட்டும் எடுத்து, அருகிலுள்ள வாசகசாலையில் இரண்டு வாரத் தவணையில் இரவல் கொடுக்கும்படி ஒப்படைத்துவிடுங்கள். கையிலிருந்து கைக்கு மாறினால் எட்டு வாரத்தில் அந்த ஐந்து பிரதிகளை இருபது பேர் வாசித்துவிடலாம். கௌரவப் பிரதி கிடைக்காத ஐந்து பிரமுகர்கள் வருந்துவார்களே என்ற அச்சம் உங்களுக்கு இருக்கலாம். அவர்களுக்கும் இரவல் அட்டை ஒன்று எழுதிக் கொடுக்கலாம்.

முதல் மூன்று மாதங்களுக்கு ஆட்கள் குறைவாகத்தான் வருவார்கள். ஏழு பேர் வந்தாலும் நடத்துங்கள், மண்டபம் நிறையவில்லை என்று கைவிட்டுவிடாதீர்கள். தேநீர்ச் செலவை வருகிறவர்கள் பகிர்ந்துகொள்வோம், கதிரைகளை அடுக்கி வைத்துவிட்டே போவோம். தலைமையுரை, வரவேற்புரை, நன்றியுரை ஆகிய மூன்றும் இல்லாமல் ஒரு கூட்டத்தைத் தொடங்கி முடிப்பது உங்களுக்குச் சங்கடமாக இருந்தால், ஒருவர் எழுந்து நான்கு மணியாகிவிட்டது என்றும் ஆறு மணியாகிவிட்டது என்றும் சொன்னால் போதும். எந்த நூலோடு தொடங்குவது என்பதை உங்கள் தெரிவுக்கே விடுகிறோம். அதை எழுதியவரிடம் முன்கூட்டியே சொல்லி அவருடைய சம்மதத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். திகதி முடிவானதும் பிரதிகள் எந்த வாசகசாலையில் கிடைக்கும் என்பதை அறிவித்தலில் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில் வசிக்கும் ஒரு வாசகன்